எலிக்குக் கொடுத்த வியாதி

உங்கள் வீட்டுக்கு எலி வந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் சமையலறைக் கதவைச் சாத்துவீர்கள். மறுநாள் கடைக்குப் போய் ஒரு பொறி, வரும் வழியில் ஒரு மசால்வடை. காலையில் பொறிக்கு வெளியே வால் தொங்கும். அப்புறம் அதை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அன்று ராத்திரி உங்கள் தூக்கம் கெடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எனக்கும் கெட்டதில்லை. அரிசி மூட்டையை ஓட்டை போட்டது, பட்டுப் புடவையைக் கடித்தது, செத்தது. கணக்கு முடிந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி. உங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு தீராத வியாதி வந்துகொண்டிருக்கிறது. உங்கள் அரிசியைத் தொடாத, உங்களைப் பார்த்தே இராத ஒரு சுண்டெலிக்கு, அது கருவாக இருக்கும்போதே அந்த வியாதியை வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். அது பிறந்து, வளர்ந்து, நடக்கமுடியாமல் தள்ளாடுவதைக் கடிகாரம் வைத்து அளக்கிறார்கள். அதனால் என்றைக்காவது உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ மருந்து கிடைக்கலாம். சம்மதமா?

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நானும் அப்படித் தலையாட்டிக் கொண்டிருந்தவன்தான். சித்தன்னவாசல் மலைமேல் ஒரு நண்பர் கேட்ட கேள்விக்குப் பிறகு, தலை அவ்வளவு சுலபமாக ஆடுவதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற வழியில் இருக்கிறது சித்தன்னவாசல். போகிறவர்கள் பெரும்பாலும் கீழே அறிவர் கோயிலில் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்த்து, 'ஆயிரம் வருஷத்துக்கு மேல கலர் எப்படிய்யா நிக்குது' என்று வியந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலையேறி அந்தப் பக்கம் போனால்தான் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டிய பள்ளங்களைத் தாண்டி ஓர் இயற்கைக் குகை. உள்ளே வழவழவென்று தேய்த்த கல் படுக்கைகள். தலைப் பக்கம் கல்லிலேயே தலையணை. அதிலொன்றில் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர்கள் கருதும் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக அந்த இருக்கையைச் செய்துகொடுத்ததாகச் சொல்லும் கல்வெட்டு அது.

அங்கே படுத்துக் கிடந்தவர்கள் சமணத் துறவிகள். நடக்கும்போது காலடியில் பூச்சி சாகக் கூடாது என்று தரையைப் பார்த்து நடந்தவர்கள். தாங்கள் சாவதென்றால் உண்ணாமல் கிடந்து உயிரை விடச் சம்மதித்தவர்கள். அடுத்த உயிருக்கு ஒரு கீறல் போட மாட்டார்கள். கொல்லாமையைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான இடம் நம் தமிழ்நாட்டில் கிடையாது. நான் அதற்காகப் போகவில்லை, சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனேன். நண்பர் கூட வந்தார்.

நண்பருக்கு நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. புதுக்கோட்டை டவுனில் சின்னதாக ஒரு வியாபாரம். பூர்வீகம் அறந்தாங்கிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் வானம் பார்க்க வேண்டியது. அவருடைய அப்பாவுக்கு நாற்பது வயது வாக்கில் நடை தள்ளாட ஆரம்பித்தது. வரப்பில் நேராக நடக்க முடியவில்லை. பிறகு பேச்சு குழறியது. ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்லண்ணே. பஸ்ஸுல கண்டக்டர் ஏத்த மாட்டான். பொண்ணு பாக்க வந்தவங்க திண்ணையில அப்பாவ பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. கடைசியில, குடிக்காமலே குடிகாரன்னு பேரு வந்தாச்சு, இனிமே என்னன்னு நெசமாவே குடிக்க ஆரம்பிச்சுட்டாரு."

அப்பா போனபிறகு, அத்தைக்கும் அதே தள்ளாட்டம் வந்தபோதுதான் ஒரு டாக்டர் உட்காரவைத்து விவரம் கேட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார். அத்தைக்கு வந்த ரிப்போர்ட்டில் இருந்த பெயர் ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா, டைப் 1. சுருக்கமாக எஸ்.சி.ஏ.1. நண்பர் இன்னும் தனக்கு டெஸ்ட் எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

வியாதி இதுதான். நம் ஒவ்வொருவரிடமும் அட்டாக்சின்-1 என்ற புரதத்தைச் செய்வதற்கான ஜீன் இருக்கிறது. அந்த ஜீனின் எழுத்துகளில் ஓரிடத்தில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். கீறல் விழுந்த கிராமபோன் தட்டு மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு முப்பது சொச்சம் தடவையோடு நின்றுவிடும். நாற்பதை ஒட்டி, அதையும் தாண்டிப் போனால் ஆபத்து. புரதம் சரியாக மடியாமல், சிறுமூளையில் இருக்கிற பர்க்கிஞ்சி என்ற அழகான, கொடிமாதிரிக் கிளைவிட்ட செல்களை மெள்ள மெள்ளக் கெடுக்கிறது. நம் நடையை, நாக்கை, விழுங்குவதை ஒழுங்குபடுத்துகிற செல்கள் அவை. எண்ணிக்கை கூடக்கூட வியாதி சீக்கிரம் வரும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை இன்னும் கூடிவிடுகிற கெட்ட பழக்கமும் இதற்கு உண்டு. அப்பாவுக்கு நாற்பதில் வந்தது மகனுக்கு முப்பதில் வரலாம்.

'சொந்தத்துல கட்டினதால வந்த வினை' என்று நம்மூரில் எல்லாப் பரம்பரை வியாதிக்கும் ஒரே காரணம் சொல்லிவிடுவார்கள். இதற்கு அது பொருந்தாது. அத்தை மகளைக் கட்டினாலும் அமெரிக்கக்காரியைக் கட்டினாலும், பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் போதும், பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவதுதான். பூவா தலையா.

இது எங்கோ வெள்ளைக்காரர்களின் வியாதி என்று நினைக்காதீர்கள். 2005-ல் 'நியூராலஜி இந்தியா' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நம் மாநிலத்திலேயே ஒரு தமிழ்ச் சமூகத்தில் இந்த டைப் 1 அசாதாரணமாக அதிகம் இருப்பதைச் சொன்ன கட்டுரை. எந்தச் சமூகம் என்று கட்டுரையில் இருக்கிறது. நான் எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே பெண் கொடுக்க யோசிப்பார்கள். அறிவியல் தகவலை நாம் எதற்குப் பயன்படுத்துவோம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஜான் ஷுட் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய குடும்பத்தில் இந்த வியாதி. அதனாலேயே டாக்டருக்குப் படித்து, சொந்தக்காரர்களையே ஆராய்ந்து, 1957-ல் இதற்கென்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார். கடைசியில் அவரையும் அதே வியாதி கொண்டுபோனது. ஜீனைக் கண்டுபிடிக்க 1993 ஆயிற்று. ஹாரி ஆர், ஹூடா ஸோக்பி என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஒருவர் மினசோட்டாவிலும் மற்றவர் டெக்ஸாஸிலும் இருந்துகொண்டு, ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள்.

ஜீன் கிடைத்ததும் அடுத்த வேலை என்ன தெரியுமா? எலி.

1982-ல் ஒரு சுண்டெலிக் கருவுக்குள் வளர்ச்சி ஹார்மோன் ஜீனைச் செலுத்தி, சாதாரண எலியைவிட மிகப் பெரிய எலியைச் செய்து காட்டியிருந்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டு ஆச்சரியப்பட்டன. 1988-ல் புற்றுநோய் வரும்படி செய்த எலிக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். பிள்ளையாருக்கு வாகனமாக இருந்தது ஹார்வர்டுக்குச் சொத்தாயிற்று. ஆகவே வித்தை கைவசம் இருந்தது. 1995-ல் ஆரும் ஸோக்பியும், சி-ஏ-ஜி 82 தடவை வருகிற மனித ஜீனை எலியின் கருமுட்டைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். அந்த ஜீன் பர்க்கிஞ்சி செல்களில் மட்டும் வேலை செய்யும்படி ஏற்பாடு. எலி பிறந்தது. ஆரம்பத்தில் எல்லா எலிகளையும் போலத்தான் இருந்தது. மூன்று மாத வாக்கில் தள்ளாட்டம் கண்ணுக்கே தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மனித ஜீனையே 30 தடவையோடு ஏற்றிய எலிகளும் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோய்க்குக் காரணம் அந்த நீளம்தான் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

எப்படி அளப்பார்கள் என்று சொல்கிறேன். ரோட்டாராட் என்று ஒரு கருவி. மெதுவாகச் சுழல்கிற ஒரு தடி, அதன்மேல் எலியை ஏற்றிவிடுவார்கள். விழாமலிருக்க அது நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் கூடும். எத்தனை விநாடியில் கீழே விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மறுநாளும் அதேதான்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. மனிதனுக்கு இந்த வியாதி வர முப்பது, நாற்பது வருஷம் ஆகிறது. எலியின் ஆயுசே இரண்டு வருஷம் சொச்சம். மனிதனிடம் இருப்பதைப் போலவே, எலியின் சொந்த ஜீனிலேயே 78 தடவை வரும்படி மாற்றிப் பார்த்தார்கள். எலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு ஏறக்குறைய நன்றாக இருந்தது. நல்ல சேதிதானே? ஆராய்ச்சிக்கு அது கெட்ட சேதி. ஆகவே 2002-ல் 154 தடவை ஆக்கினார்கள். அப்போது வந்துவிட்டது. மனிதர்களில் வழக்கமாகப் பார்க்கிற அளவைவிட மிக அதிகம் அது. எலிக்கு நம் வியாதி மட்டும் போதவில்லை. நம்மைவிடக் கடுமையாக வர வேண்டியிருந்தது.

இவ்வளவையும் நண்பருக்கு ஏழடிப்பட்டத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்ல வந்தது 2004-ஐப் பற்றி. அந்த வருஷம் மினசோட்டாக்காரர்கள் ஒரு ஸ்விட்ச் வைத்த எலியைச் செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் டாக்ஸிசைக்ளின் கலந்து கொடுத்தால், ஏற்றி வைத்த கெட்ட ஜீன் அணைந்துவிடும். வியாதி ஆரம்பித்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். நடை திரும்ப வந்தது! ஆரம்பக் கட்டத்தில் அணைத்தால் முழுக்க. முற்றிய பிறகு அணைத்தால் ஓரளவுக்கு. இறந்துகொண்டிருக்கிறது என்று நினைத்த செல்கள் உண்மையில் முடங்கித்தான் கிடந்தன, மீட்க முடியும் என்று உலகத்துக்குத் தெரிந்தது இந்த எலிகளால்தான்.

(உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் அந்த எலியில் வைத்த ஸ்விட்சுக்குத்தான் விரல். நமக்குள் அந்த ஸ்விட்ச் கிடையாது.)

அதற்குப் பிறகு, கெட்ட ஜீனின் செய்தியை இடைமறித்து அழிக்கிற மருந்துகளை 154 எலிகளுக்குக் கொடுத்து, 2018-ல் நல்ல பலனைப் பார்த்தார்கள். அந்த மாதிரி மருந்துகள் இப்போது மனிதர்களிடம் ஆரம்பக்கட்டச் சோதனைக்கு வந்திருக்கின்றன. இன்றைய தேதிக்கு எஸ்.சி.ஏ.1-ஐ நிறுத்துகிற மருந்து கிடையாது. ஆனால் வழி தெரிகிறது. நண்பருக்கு நம்பிக்கை கொடுக்கலாம் என்று பார்த்தேன்.

அவர் கல் படுக்கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்:

"எங்க வீட்டு வியாதிய அதுக்குக் குடுத்தாங்களாண்ணே?"

"ஆமா தம்பி. குடுத்தாத்தானே மருந்து பாக்க முடியும்."

"எங்கப்பா வயல்ல கிட்டி வெப்பாரு. ஒரு ராத்திரிக்கு அம்பது அறுபது எலி விழும். காலைல பொறுக்கி எடுக்கறது என் வேலை. ஒருநாளும் பாவமா தோணல. நெல்லத் திங்குது, சாவுது. இது வேறண்ணே. கொல்லுறது வேற. பொறக்க வெச்சு, வளத்து, வெளங்காமப் பண்ணுறது வேற."

கிட்டி தெரியாதவர்களுக்கு: தஞ்சாவூர்க் கிட்டி என்பார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த பொறி. இரையைத் தொட்டதும் வில் விடுபட்டு எலியை அடித்து நெரித்துவிடும். வேலை நொடியில் முடியும்.

பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வழக்கமாக நாம் எல்லோரும் சொல்கிற பதில்கள். 'ஞாயிற்றுக்கிழமை ஆனா பிரியாணி சாப்பிடறோம், எலிக்கு அழறதா?' என்பது முதலாவது. 'எலி பெருசா மனுஷன் பெருசா' என்பது இரண்டாவது. 'ஐந்தறிவுதானே' என்பது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தியிருப்பது உங்களுக்குத் தெரியும். சமணர்களும் உயிர்களைப் புலன் கணக்கில்தான் பிரித்தார்கள். ஆனால் எதற்காகப் பிரித்தார்கள் என்பதைப் பாருங்கள். ஐந்து புலன் உள்ளதற்கு வலி அதிகம், ஆகவே அதனிடம் அதிக ஜாக்கிரதையாக இரு என்பதற்காக. நாம் அதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஓர் அறிவு குறைச்சல், ஆகவே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறோம். எலிக்கு வலிக்குமா என்பதில் சந்தேகமே வேண்டாம். 2010-ல் கனடா விஞ்ஞானிகள் எலி வலியில் முகத்தை எப்படிச் சுளிக்கிறது என்று அட்டவணையே போட்டார்கள். கண்ணைச் சுருக்கும், மூக்குப் பாலம் புடைக்கும், காது பின்னால் போகும். அந்த அட்டவணை தயாரிக்கவும் எலிகளுக்கு வலி கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

பிரியாணி வாதம் கொஞ்சம் கனமானது. உண்மைதான், ஆட்டைக் கொல்கிறோம். ஆனால் நண்பர் போட்ட கோட்டை அது தாண்டவில்லை. நாம் ஆட்டுக்கு அல்சைமர் வரவைத்துச் சாப்பிடுவதில்லை. சாவு எல்லா உயிருக்கும் வருவது. கசாப்புக் கடைக்காரர் அதை முன்னால் இழுக்கிறார். ரோட்டாராட் மேல் இருக்கிற எலியிடம் செய்தது அது அல்ல. அந்த எலி ஏற்கெனவே எங்கோ இருந்து, அதைப் பிடித்து வந்து இம்சைப்படுத்தவில்லை. கஷ்டப்படுவதற்கென்றே அது உண்டாக்கப்பட்டது. அதன் கஷ்டம் ஆராய்ச்சியின் பக்கவிளைவு இல்லை. கஷ்டம்தான் அங்கே விளைபொருள். எலி சௌக்கியமாக இருந்தால் ஆராய்ச்சி தோல்வி. 78 போதவில்லை என்று 154 ஆக்கியதை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் சட்டம் வந்தது. ஆனால் அதன் 14-வது பிரிவு, அறிவு வளர்ச்சிக்காகவும் உயிர் காப்பதற்காகவும் மிருகங்களிடம் செய்யும் சோதனை சட்டவிரோதமல்ல என்கிறது. அப்புறம் ஒரு குழு, விதிகள், ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் அனுமதி என்று கடிவாளங்கள். நியாயம்தான். ஆனால் சட்டவிரோதமில்லை என்பது தப்பில்லை என்றாகாது. இது உங்களுக்கும் தெரியும், வக்கீல்களுக்கும் தெரியும்.

மிச்சம் இருப்பது இரண்டாவது வாதம். எலி பெரிதா, மனுஷன் பெரிதா. நண்பரின் மகளை நான் பார்த்திருக்கிறேன். சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுவாள். அவள் முப்பது வயதில் வாசற்படி இறங்க முடியாமல் நிற்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு, அந்தக் குகையில் படுத்திருந்த துறவிகளைப் போல 'எந்த உயிருக்கும் தீங்கு கூடாது' என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களால் முடிந்தது. அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கொள்கையோடு வாழ, பிள்ளை குட்டி இல்லாமல் கல்லில் படுக்க வேண்டியிருந்தது என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆகவே என் கட்சி இது. எலி வேண்டும். வேறு வழி இன்று இல்லை. தட்டில் வளர்க்கிற செல் தள்ளாடாது, கம்ப்யூட்டர் தள்ளாடாது. ஆனால் 'வேறு வழியில்லை' என்று சொல்லும்போது, 'தப்பில்லை' என்பதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறோமே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டும் வேறு வேறு. பிள்ளை படிப்புக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். வேறு வழியில்லை, வாங்கியது சரிதான். அதற்காகக் கடன் கடனில்லை என்று ஆகிவிடுமா? எலிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நோட்டு எழுதித் தராத கடன்.

'எழுத்தாளருக்கு வேறு வேலையில்லை, எலிக்குக் கடனாம்' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. கடன் என்று நினைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிஜக் கதை சொல்கிறேன்.

ஏ.எல்.எஸ். என்று ஒரு வியாதி. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது. அதில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. அப்படி வருகிற ஒரு ஜீனை வைத்து 1994-ல் எலி செய்தார்கள். சில மாதங்களில் கைகால் செயலிழந்து சாகிற எலி. உலகமெங்கும் ஆய்வகங்கள் அந்த எலிக்கு மருந்து மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, 'ஆயுசு கூடுகிறது' என்று கட்டுரை போட்டன. அதில் ஒன்று மினோசைக்ளின், நாம் மேலே பார்த்த டாக்ஸிசைக்ளினின் பங்காளி. எலியில் நன்றாக வேலை செய்கிறதென்று 412 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட வேகமாக மோசமானார்கள்.

மறு வருஷம் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடம் தன் கணக்கைத் திறந்து காட்டியது. 70-க்கும் மேற்பட்ட மருந்துகளை, 18,000 எலிகளில், ஐந்து வருஷம் சோதித்திருந்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. முன்னால் வந்த நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை, மிகக் குறைந்த எலிகளை வைத்து, ஆணையும் பெண்ணையும் கலந்து பார்த்ததால் வந்த தற்செயல்களாக இருக்கலாம் என்றார்கள். அதாவது அத்தனை எலிகளும் கை கால் விளங்காமல் போனது, யாரோ ஒருவர் சரியாக எண்ணாததால், வீண். அதோடு நோயாளிகளின் காலமும் வீண். எலியின் வேதனைக்கு விலை இல்லை என்று நினைக்கிறவன் எண்ணும்போதும் அலட்சியமாகத்தான் எண்ணுவான். அந்த அலட்சியம் எலியோடு நிற்காமல், ஆஸ்பத்திரிப் படுக்கைவரை வந்தது.

அதே ஜீனுக்கு, எலிகளிடமும் பெரிய இனத்து ஆய்வக எலிகளிடமும் ஒழுங்காகப் பார்த்துப் படிப்படியாக வந்த ஒரு மருந்து 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டோஃபர்சன் என்று பெயர். அந்த ஒரு ஜீன் கோளாறு உள்ள சிலருக்கு மட்டும்தான். ஆனாலும் மருந்து. அங்கே எலிகளின் கணக்கில் ஏதோ வரவு வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் மலைமேல் நண்பரிடம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபிறகு வந்த கோர்வை இது. அங்கே நான் சொன்னது, "நீ சொல்றது சரிதான் தம்பி" என்பதுதான்.

அவர் விடவில்லை. "ஸ்விட்ச் அணைச்சாங்கன்னு சொன்னீங்களே, அந்த எலிங்களுக்கு நல்லாயிடுச்சில்ல. அப்புறம் என்ன பண்ணாங்க? விட்டுட்டாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இல்ல தம்பி. நல்லாயிடுச்சான்னு நிச்சயமாத் தெரியணும்னா மூளைய எடுத்துப் பாக்கணும். மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்புல வெச்சுத்தான் பர்க்கிஞ்சி செல் திரும்ப வளந்துச்சான்னு பாத்தாங்க."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காவலாளி வந்து நேரமாச்சு என்றார். திரும்பும் வழியில் நண்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். துறவிகள் எறும்புக்காகப் பார்த்து வைத்தார்கள். இவர், பாதம் சரியாக விழுகிறதா என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டு வைத்தார். இப்படித்தான் கொஞ்ச நாளாக நடக்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வியாதியா, பயமா என்று டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

கீழே கடையில் டீ சொன்னோம். பாதி டீயில் கேட்டார்:

"மனுஷன் மூளையக் குடுத்தா வாங்கிக்குவாங்களாண்ணே? செத்தப்புறம்தான் சொல்றேன்."

வாங்கிக்கொள்கிறார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி ஒன்று இருக்கிறது. நோயுள்ள மூளையும் வேண்டும், இல்லாத மூளையும் வேண்டும். வீட்டார் சம்மதம் வேண்டும். அதைச் சொன்னேன். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

"டெஸ்டுக்கும் அங்கதான போகச் சொன்னாங்க" என்றார். "போறப்ப ரெண்டு ஃபாரத்தையும் வாங்கிட்டு வந்துடறேன்."

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.